மூச்சு அதன் பாட்டுக்கு

சுசீந்திரத்துக்குத் தெற்கே, அண்ணனின் தென்னந்தோப்பில் ஓர் ஓலைப்புரை இருந்தது. தேங்காய் வெட்டும் நாட்களில் காய் குவித்து வைப்பதற்காகப் போட்டது. அதைக் காலி செய்து, தரையைச் சாணி மெழுகி, ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். பதினாறு மாதம் அங்கே தனியாகக் கிடந்தேன். நாடு சுதந்திரம் அடைந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. மகளுக்கு எட்டு மாதம்.

எனக்கு வந்தது சயரோகம். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவளுக்கு நெஞ்சுல கொஞ்சம் சொகமில்ல" என்றுதான் அண்ணன் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். ஊரும் அதற்குமேல் கேட்கவில்லை. தோப்பு வழியாக வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகத் தொடங்கினார்கள். அதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அதற்கு முன்பு நாங்கள் திருவனந்தபுரத்தில் கரமனையில் இருந்தோம். என் கணவர் அங்கே சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. பிள்ளை பிறந்த பிறகு எனக்கு இருமல் விடவில்லை, சாயங்காலம் ஆனால் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்ன மறுநாளே அவர் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தார். அண்ணன் வந்து என்னையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டான். எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்த அவர், ஜன்னலுக்குச் சற்று எட்டவே நின்றார். "வாரா வாரம் கடிதம் போடுவேன்" என்றார். அந்த வாக்கில் அவர் தவறவே இல்லை.

டாக்டர் நாகர்கோவிலிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் சொன்ன விதிகள் எளியவை. மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எழுந்து உட்காரக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. பிள்ளை என் பக்கத்தில் வரவே கூடாது. அண்ணன் மனைவிக்கு, என் மைனிக்கு, அப்போது கையில் ஓர் ஆண்பிள்ளை இருந்தது. என் மகளையும் அவளே வாங்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். எனக்கு மூன்று வேளையும் கஞ்சியும் பாலும் கொண்டு வந்து வாசலில், கட்டிலில் இருந்தே என் கை எட்டும் கல்லில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். டாக்டர் மீனெண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். மீன் வாசனையே நுழையாத வீடு அது. மைனிதான் அந்தக் குப்பியைச் சீலையில் பொதிந்து எடுத்து வந்தாள்.

"மருந்துன்னு நெனச்சு மூக்கப் பொத்திட்டுக் குடிட்டி. சாமிக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் இருமல் வந்தது. அவள் பயந்துபோய் அதற்குப் பிறகு என்னிடம் வேடிக்கையாக எதுவுமே பேசுவதில்லை.

மல்லாந்து படுத்திருப்பவளுக்குக் கூரையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. உடம்பு கட்டிலில் கிடக்கும், மனம் அங்கே இருக்காது. காலையில் கரமனை வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பேன். மத்தியானம் மகளுக்குக் கல்யாண வயதாகி இருக்கும். சில நாள் நான் செத்துப்போய், அவர் வேறொருத்தியைக் கட்டி, அவள் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அவள் எப்படிப் பின்னுகிறாள் என்று கூடக் குற்றம் கண்டுபிடிப்பேன். கஞ்சி வந்திருக்கிறது என்று மைனி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஓலைப்புரைக்குத் திரும்பி வருவேன்.

வியாழக்கிழமைகளில் கடிதம் வரும். என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே யோகத்தில் ஈடுபாடு உண்டு. விடிவதற்கு முன் எழுந்து குளித்து, பாயில் சம்மணமிட்டு அரைமணி நேரம் கண்ணை மூடி இருப்பார். அந்நேரம் நான் பாத்திரத்தை உருட்டினாலும் முகம் சுளிக்கமாட்டார். அவருடைய கடிதங்களில் முதல் நாலு வரி ஊர் சமாச்சாரம். மிச்சமெல்லாம் தத்துவம்.

'மனம் ஒரு குளம். நேற்று என்று ஒரு கல்லையும் நாளை என்று ஒரு கல்லையும் நாமே அதில் எறிகிறோம். எறிவதை நிறுத்தினால் அடியில் கிடப்பது தெரியும்' என்று எழுதினார். 'இப்போது உள்ளே போகிற மூச்சு மட்டும்தான் உனக்குச் சொந்தம். அதில் இரு. பற்று விட்டால் துன்பம் விடும்' என்று இன்னொன்றில்.

அந்தக் கடிதங்களுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வாரம் முழுவதும் என்னிடம் யாரும் நாலு வாக்கியத்துக்குமேல் பேசாத காலம் அது. அவர் நாலு பக்கம் எழுதினார். எப்போது வருவேன் என்று எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் அந்த ஒரு வரிக்காகத் தேடிவிட்டு, அது இல்லை என்றானதும் தத்துவத்தை முதலிலிருந்து வாசிப்பேன்.

நாலாவது மாதத்தில் மூச்சுப் பயிற்சி எழுதி அனுப்பினார். ஒரு நாசியில் இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, மறு நாசியில் விட வேண்டும். எத்தனை எண்ணும்வரை நிறுத்த வேண்டும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. இது நுரையீரலைச் சுத்தம் செய்யும், இரண்டு மண்டலத்தில் நீ எழுந்து நடப்பாய் என்று கடைசியில் எழுதியிருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் தொடங்கினேன். மூச்சை நிறுத்தும்போது நெஞ்சுக்குள் சீலை கிழிவது போல வலிக்கும். வலித்தால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு எண்ணுவேன். எட்டாம் நாள் காலையில் நிறுத்திய மூச்சை விடும்போது இருமல் வந்தது. சாம்பல் போட்ட சட்டியில் துப்பினேன். அதுவரை கோடு கோடாக வந்த ரத்தம் அன்றைக்குச் சட்டியில் சாம்பலே தெரியாமல் வந்தது.

அண்ணன் சைக்கிளில் ஓடி டாக்டரைக் கூட்டி வந்தான். ஊசி போட்டு, நெஞ்சில் ஈரத்துணி வைத்து, ரத்தம் நின்ற பிறகு டாக்டர் கேட்டார்.

"என்ன செய்தே? தூக்கினியா? எழுந்து நடந்தியா?"

நான் பயிற்சியைச் சொன்னேன்.

"யாரு ஒனக்கு இதப் படிச்சுத் தந்தா?"

"ஒரு பொஸ்தகத்துல பாத்தேன்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கோபப்படவில்லை. "இந்தா பாரு மக்ளே. சொகமுள்ளவன் செய்யுகத நீ செய்யாண்டாம். ஒனக்க நெஞ்சு புண்ணாக் கெடக்கு. புண்ணு ஆறணும்னா அத அனக்கப்பிடாது, அசையாம வச்சிருக்கணும். மூச்ச அதுக்க பாட்டுக்கு விடு. அது வரும், போவும். நீ ஒண்ணும் செய்யாண்டாம்."

அவருக்குத் தத்துவம் சொல்லும் எண்ணமே கிடையாது. அடுத்த நோயாளியைப் பார்க்கப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் பையை மூடிக்கொண்டே சொன்னார். எனக்கோ அடுத்த மூன்று வாரத்துக்குச் செய்யக் கூடியது என்று அது ஒன்றுதான் மிஞ்சியது. தலையைத் திருப்பக்கூட அனுமதி இல்லை. ரத்தம் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் நினைப்பைக்கூட மெதுவாக நினைத்தேன்.

மூச்சை அதன் பாட்டுக்கு விடுவது லேசான காரியம் என்று எண்ணியிருந்தேன். கவனித்த உடனே அது திருத்திக்கொள்ளும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்த சின்னப் பெண் நடையை மாற்றிக்கொள்வதைப் போல. பார்க்காமல் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பல நாளானது. பிறகு ஒரு முற்பகலில், தெற்கேயிருந்து கடல்காற்று வந்து ஓலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தபோது, மூச்சு வருவதும் போவதும் என்னைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டேன். சின்னதாக, மேலோட்டமாக, இடது விலாவில் கொஞ்சம் இடறிக்கொண்டு. கரமனையும் கல்யாணமும் அப்போது இல்லை. கயிறு முதுகில் அழுத்தியது, நாக்கில் மீனெண்ணெய்க் கசப்பு, தூரத்தில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம். அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மைனி ஒரே தடவை கூப்பிட்டதும் "வச்சிட்டுப் போங்க மைனி" என்று பதில் சொன்னேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

இதைச் சந்தோஷம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பகல் கனவில் எனக்கு ஆள் துணை இருந்தது. அது விலகியபோது ஓலைப்புரையில் நான் ஒருத்தி மட்டும் கிடப்பது அப்படியே தெரிந்தது. அதற்கு முன் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

ரத்தம் வந்ததை நான் அவருக்கு எழுதவில்லை. பயிற்சியை டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று மட்டும் எழுதினேன். அதற்கு வந்த பதிலில், பொறுமை வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'உன் கடிதங்களை ஒருநாள் முழுக்க வெயிலில் போட்ட பிறகே வாசிக்கிறேன். இது வெறும் முன்ஜாக்கிரதைதான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.'

அதற்கப்புறம் நான் எழுதவில்லை. வியாழக்கிழமைகளில் அவருடைய கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வாசிக்காமல் தலைமாட்டில் அடுக்கினேன்.

புது ஊசி மருந்து வந்தது அந்தச் சமயம்தான். தினமும் ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்து இடுப்பில் குத்திவிட்டுப் போவார். மெலிந்த மனிதர், வாயாடி. எங்கள் தமிழ்த் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, கொச்சியோடு திருவிதாங்கூர் சேர்ந்ததே தப்பா என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டே ஊசியைக் கழுவுவார். டாக்டரை விட்டால், அந்த வருடத்தில் என்னைத் தொட்ட ஒரே கை அவருடையது. மூன்று மாதத்தில் காய்ச்சல் இறங்கியது. அதோடு வலது காதில் சீவிடுப் பூச்சி கத்துவது போல ஓர் இரைச்சல் தொடங்கியது. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து சொல்லவில்லை.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் களத்தில் வேலை. என் மகள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள் என்று மைனி சொல்லியிருந்தாள். தூரத்தில் கிணற்றடியில் அவளை இடுப்பில் வைத்துக் காட்டுவாளே தவிர, நடந்து நான் பார்த்ததில்லை.

அன்று பத்து மணி இருக்கும். தென்னை மரங்களுக்கு நடுவில் அரைஞாண் மட்டும் கட்டிய ஓர் உருவம் தள்ளாடித் தள்ளாடி வந்தது. தனியாக. உறங்குகிறாள் என்று நினைத்து மைனி களத்துக்குப் போயிருக்கிறாள், இவள் விழித்து இறங்கி வந்துவிட்டாள். காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். யாரென்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் சிரித்தாள். கீழே நாலு பல் முளைத்திருந்தது. கொதும்பை நீட்டிக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தாள்.

"நில்லு" என்றேன். அவள் நிற்கவில்லை.

"வராதே. போ!"

பத்து மாதமாக உரக்கப் பேசாத தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் எனக்கே அந்நியமாக வந்தது. அவள் திடுக்கிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். உதடு பிதுங்கியது. பிறகு அழத் தொடங்கினாள். எனக்கும் அவளுக்கும் பத்தடி இருக்கும். எழுந்து போய்த் தூக்கியிருக்கலாம். கை இரண்டும் தானாகத் தூக்கிக்கொண்டன. கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மூச்சு வந்தது, போனது. வேறு எங்கும் ஓட முடியவில்லை. நேற்றில் போய் ஒளிய முடியவில்லை, நாளையைச் சொல்லி என்னைத் தேற்ற முடியவில்லை. அவளுடைய முழங்காலில் ஒட்டியிருந்த மண், மூக்கிலிருந்து வடிந்தது, இடையில் விக்கி என்னைப் பார்த்தது எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மைனி ஓடி வந்து அவளை வாரி எடுத்தாள். "தொட்டாளா? தொட்டாளா?" என்று கத்தினாள்.

"இல்ல மைனி. தொடல்ல."

பிள்ளை மைனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மை, அம்மை" என்று அழுதபடியே போனாள்.

அன்று மத்தியானம் பென்சிலும் காகிதமும் கேட்டு வாங்கி அவருக்கு எழுதினேன். பல மாதத்துக்குப் பிறகு எழுதியது. சின்னக் கடிதம்தான். 'பற்றை விடுவது என்று நீங்கள் எழுதுவது என்ன என்று இன்றைக்குத் தெரிந்தது. பிள்ளை என்னிடம் நடந்து வந்தாள். ஆசைப்பட்டுக்கொண்டே அவளை விரட்டினேன். நீங்கள் விலகி இருப்பதும் இதே மாதிரிதானா? அப்படியென்றால் சொல்லுங்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வேறு மாதிரி என்றாலும் சொல்லுங்கள்.'

ஐந்தாம் நாள் அவர் வந்தார். அண்ணன் கூட்டிக்கொண்டு வந்து கிணற்றடியில் விட்டுவிட்டுப் போனான். பஸ்ஸில் கசங்கிய வேட்டி, கையில் குடை. மகள் விழுந்த இடத்துக்கும் சற்றுத் தள்ளி நின்றுவிட்டார். ஒரு வருடத்தில் காதோரம் நரைத்திருந்தது.

"கடிதம் கெடச்சுது" என்றார்.

"வெயில்ல போட்டியளா?"

"இல்ல. வந்த ஒடனே வாசிச்சேன்."

கீழே கிடந்த ஒரு தென்னந்தடியில் உட்கார்ந்தார். குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பற்று விட்டதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குப் பயம்."

பிறகு அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத கதை. அவருக்குப் பத்து வயதில் அவருடைய அம்மாவும் அக்காவும் இதே வியாதியில் ஒரே அறையில் அடுத்தடுத்துக் கிடந்து இறந்திருக்கிறார்கள். பெண் கேட்டு வந்தபோது அதை மறைத்துவிட்டார்கள்.

"கஞ்சி கொண்டு வைக்கது நான்தான். வாசல்ல வச்சிட்டு ஓடுவேன். அக்கா கூப்பிடுவா. 'கொஞ்ச நேரம் நில்லுடே'ம்பா. நான் திரும்பிப் பாக்கமாட்டேன். அவளுக்க மூச்சு இழுக்கிய சத்தம் தெருவரைக்கும் கேக்கும்." குடையைத் தரையில் ஊன்றினார். "பெறகு பெரியவனான காலத்துல மூச்சுப் பயிற்சி படிச்சேன். மூச்சப் பிடிச்சு வச்சா அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேக்காது. அதான் எனக்க யோகம்."

பயிற்சியால் எனக்கு ரத்தம் வந்ததை அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். அவர் இறக்கும்வரை சொல்லவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. எங்களுக்கு நடுவில் ஓர் அறை அப்படிப் பூட்டியே கிடந்தது.

"நாள் பூரா இங்க நீ என்ன செய்வே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யமாட்டேன். மூச்சு வரும், போவும். காத்தடிச்சா ஓலை ஆடும். பிள்ளை அழுதா கேக்கும்."

"மனசு ஓடாதா?"

"ஓடும். திரும்பி வரும். வந்தா இங்கதானே வரணும்?"

அவர் அந்தத் தடியிலேயே ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தார். கண்ணை மூடவில்லை, சம்மணம் போடவில்லை. எனக்கு இருமல் வந்தபோது எழுந்து இரண்டடி பின்னால் போனார். பிறகு வெட்கப்பட்டவர் போலத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமானதும் கிளம்பினார்.

அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். கடிதங்களில் தத்துவம் குறைந்தது. ஆபீஸில் யாருக்கு மாற்றல், வீட்டுக்கூரை எங்கே ஒழுகுகிறது என்று எழுதினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் பழைய கடிதங்களை நான் எறியவில்லை. பயத்தில் எழுதியவை என்று தெரிந்த பிறகு எடுத்து வாசித்தேன். அதில் பல வரிகள் உண்மையாகவே இருந்தன. எழுதியவருக்கு உதவாதது எனக்கு உதவியது.

அந்த வருடம் ஆடியில் படம் எடுத்துப் பார்த்து, புண் ஆறிவிட்டது என்றார் டாக்டர். வலது காது அதற்குள் அறவே போயிருந்தது. எழுந்து நடந்தபோது தரை தோணி போல ஆடியது. வாய்க்கால் கரையில் எதிரே வந்த ஒரு பெண் என்னைக் கண்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அந்தப் பழக்கம் ஊரில் மறைய இன்னும் சில வருடங்கள் ஆனது.

மகள் என்னிடம் வரவில்லை. மைனிதான் அவளுக்கு அம்மை. என்னைத் 'தோப்பம்மை' என்று அழைத்தாள். நான் அறைக்குள் வந்தால் மைனியின் சீலைக்குப் பின்னால் போய் நிற்பாள். திரும்பவும் கரமனைக்குப் போனபோது அவளைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. நாலு வயதில்தான் அழைத்துப் போனோம். பஸ்ஸில் தக்கலை தாண்டும்வரை அழுதாள். மைனியும் அங்கே இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அண்ணன் எழுதினான். யாரைக் குற்றம் சொல்வது? வீட்டில் அவள் எனக்குக் கீழ்ப்படிந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், விருந்துக்கு வந்த பிள்ளையைப் போல இருந்தாள். காலையில் அவரும் நானும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். அவள் வாசல்படியில் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்து மடியில் உட்காரமாட்டாள். கூப்பிட வேண்டும் போல இருக்கும். கூப்பிட்டு வர வைப்பதில் என்ன இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

எங்கள் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருடம், சேர்வதற்குச் சில மாதம் முன்பு, மாசிக் கொடை விழாவுக்கு மண்டைக்காட்டுக்குப் போயிருந்தோம். அம்மனைத் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடந்தோம். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மகள் என் வலப்பக்கம் நடந்து வந்தாள். கூட்டமும் அலையும் சேர்ந்து ஒரே இரைச்சல். அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். மறுபடியும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஒங்களுக்கு இந்தக் காது கேக்காதா?"

"கேக்காது மக்ளே."

"ஏன் சொல்லல்ல?"

அவள் என் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, முதலில் சொன்னதை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவளுக்கு வறுத்த கடலை வேண்டுமாம்.